மின்மடல் தொகுதி

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த போடிநாயக்கனூர், ஏலக்காய் வாணிகத்தாற் பெயர் பெற்ற நகரம். போடிமெட்டு வழியாக மலையேறிச் செல்வோர், கேரள எல்லையைக் கடந்ததும் ஏலத் தோட்டங்களைக் காண்பர். அங்கு விளையும் காயைப் பறித்து, உலர்த்தி, பருமனுக்கேற்பத் தரம் பிரித்து விற்பனைக்கு அனுப்புவர். 'ஏலம்' என்னும் சொல் இவ்வூரில் இரு பொருள் தரும். ஒன்று நறுமணப் பயிர். மற்றொன்று போர்த்துக்கீசிய மொழியினின்றும் வந்து வழங்கும் விற்பனை முறை. போடியிலும், மலைமேல் உள்ள புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல நிலையங்கள் உள்ளன. வணிகர் கணிப்பொறியின் முன் அமர்ந்து விலை கேட்கின்றனர்.

முற்காலத்தில் கடைக்கு வந்த கடிதங்களைக் கம்பியிற் குத்திக் கோத்து வைப்பர். அடியில் உள்ளது பழையது. மேலே உள்ளது புதியது. ஆதலின் நாள்முறை தானே அமைந்தது. இன்றோ சரக்கின் எண், எடை, விலை, பணம் செலுத்திய விவரம் ஆகியன பெரும்பாலும் மின்மடலாக வருகின்றன. ஒரு சிறு தோட்டக்காரர்க்கு ஓராண்டில் நூறு மடல்கள் வந்தன எனக் கொள்க. அவற்றுள் ஒரு சரக்கிற்குரிய பணம் மட்டும் வந்து சேரவில்லை. அவர் வழக்கை மெய்ப்பிக்க வேண்டிய சான்று நூறு மடல்களுள் சிதறிக் கிடக்கிறது. கடவுச்சொல்லை மறந்துவிட்டாலோ அதுவும் கைக்கு எட்டாது. ஓராண்டு உழைப்பின் பயன் இவ்வாறு கைநழுவலாமோ?

தொகுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. மதுரை உப்பூரிகுடிகிழான் மகனார் உருத்திரசன்மர் அகநானூற்றைத் தொகுத்தார். அதன் 400 பாடல்களுள் ஒற்றைப்படை எண் பெற்றவை பாலை. 2, 8 என முடிபவை குறிஞ்சி. 4 என முடிபவை முல்லை. 6 என முடிபவை மருதம். 10, 20 எனப் பத்தாய் வருபவை நெய்தல். எண்ணைக் கேட்ட அளவிலேயே திணை விளங்கும். பிற்காலத்தே உ. வே. சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைப் போற்றிக் காத்தார். அவற்றுள் 1877 முதல் 1900 வரையிலானவற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து நூலாக்கியுள்ளார். பேணுதல் ஒன்று, வரிசைப்படுத்தல் மற்றொன்று. இரண்டும் கூடினாலன்றித் தொகுதி பயன் தராது.

மின்மடலைத் தொகுக்கும் முறை யாது? முதலில், ஒரு பொருள் பற்றிய மடல்களை எல்லாம் ஒரு கோப்புறையிற் சேர்க்க வேண்டும். பின்னர் ஒவ்வொன்றையும் பிடிஎஃப் வடிவில் அச்சிட்டுச் சேமித்து, ஆண்டு, திங்கள், நாள் என்னும் முறையில் 2024-08-05 என்பதுபோலப் பெயரிடுதல் வேண்டும். நாளை முதலில் வைத்தால், கணிப்பொறி ஆகஸ்டு 5-ஐயும் செப்டம்பர் 5-ஐயும் அருகருகே நிறுத்திவிடும். இவ்வாறு பெயரிட்டவற்றை இணைக்கும் மென்பொருளால் ஒரே ஆவணமாக்கிப் பக்க எண் இட்டு, முகப்பில் பொருளடக்கம் ஒன்று சேர்த்தல் நன்று.

விரைவான வழிகளும் உள. அவுட்லுக் மென்பொருளின் பழைய வடிவில் பல மடல்களைத் தேர்ந்து ஒருங்கே சேமித்தால், அனைத்தும் ஒரே எழுத்துக்கோப்பாக அமையும். ஆயினும் மடலுடன் வந்த எடைச்சீட்டும் விலைப்பட்டியலும் அதனுள் வாரா. அவற்றைத் தனியே எடுத்து வைத்தல் வேண்டும். எம்பாக்ஸ் என்னும் கோப்பு வகை, மடல்களை ஒன்றன்பின் ஒன்றாக, இணைப்புகளுடன் ஒரே கோப்பில் அடக்கும். ஜிமெயிலில் ஒரு லேபிள் இட்ட மடல்களைக் கூகுள் டேக்அவுட் வழியாக இவ்வடிவிற் பெறலாம். இது காப்பதற்கு ஏற்றது, படிப்பதற்கு எளிதன்று.

தொகுத்தபின் மூல மடல்களை அழித்தல் பெரும்பிழை. தொகுதி என்பது படி, மூலமே சான்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் படியை நீதிமன்றத்தில் சான்றாக அளிப்பதற்கு உரிய சான்றிதழும் வேண்டும் என்கிறது. மேலும், மூலத்தின் தலைப்பகுதியில் மடல் கடந்து வந்த வழியும் நேரமும் பதிந்திருக்கும். அச்சுப் படியில் அவை முழுமையாக இரா. பிறருடைய வங்கி எண்ணும் அந்தரங்கச் செய்தியும் மடல்களில் இருத்தல் கூடும். ஆதலின் தொகுதியைக் கண்டவர் கையிற் கொடுத்தலும் ஆகாது.

மழையும் வெயிலும் பாராது பறித்த காயை உலர்த்தாது குவித்து வைத்தால் பூசணம் பூத்துக் கெடும். தொகுக்கப்படாத மடல்களும் அத்தன்மையனவே. ஆண்டு முடிவில் ஒரு நாளைத் தொகுப்பதற்கென ஒதுக்கும் தோட்டக்காரர், தம் உரிமையை வாய்ச்சொல்லால் அன்றி ஆவணத்தால் நிலைநாட்டுவர்.