கரண்டு குட்டியானை வாங்கலாமா?

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கேன் போடும் தம்பி போன மாதம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து கேட்டான்: "அண்ணே, கரண்டு வண்டி எடுக்கலாம்னு இருக்கேன். நூத்தி அம்பது கிலோமீட்டருக்கு மேல ஓடும்ங்கறாங்க. எடுக்கலாமா?"

அவனிடம் இருப்பது பழைய டீசல் குட்டியானை. கிளட்ச் தேய்ந்துவிட்டது, எஃப்.சி. நெருங்குகிறது. ஷோரூம்காரர்கள் வழவழப்பான நோட்டீஸ் ஒன்றைக் கையில் திணித்திருக்கிறார்கள்.

"ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுறே?"

"அது ஓடும்ணே, ஒரு அறுபது, எழுபது இருக்கும்."

அந்த "இருக்கும்" என்ற சொல்லை நம்பி ஆறு, ஏழு லட்சத்தைப் போடக் கூடாது. அவனிடம் வாய்மொழியாகச் சொன்னதை, லோடு வண்டி வைத்துப் பிழைக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் சந்தையில் என்ன இருக்கிறது என்று ஒரு பார்வை. 2005இல் டாடா ஏஸ் வந்தபோது நம் ஊர் அதற்குக் குட்டியானை என்று பெயர் வைத்தது. அதன் மின்சார வடிவம் 2022இல் அறிமுகமானது: 21.3 யூனிட் பிடிக்கும் பேட்டரி, 600 கிலோ பாரம், கம்பெனிக் கணக்கில் 154 கிலோமீட்டர். 2024இல் ஒரு டன் சுமக்கும் வடிவம் வந்தது. 2025 ஜூனில் வந்த சின்ன வண்டி ஏஸ் ப்ரோ, 14.4 யூனிட் பேட்டரி, 750 கிலோ பாரம், 155 கிலோமீட்டர். மகிந்திராவின் ஜீயோ, யூலர், அசோக் லேலண்டின் துணை நிறுவனமான ஸ்விட்ச், முருகப்பா குழுமத்தின் மோன்ட்ரா என்று வேறு வண்டிகளும் உண்டு. எந்த வண்டி நல்லது என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. உங்கள் பிழைப்புக்குக் கரண்டு வண்டி ஒத்துவருமா என்பதைத் தீர்த்துக்கொண்ட பிறகுதான் அந்தப் பேச்சே.

நோட்டுப் போடுங்கள்

பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்றை வண்டி டேஷ்போர்டில் வையுங்கள். மூன்று வாரத்துக்குத் தினமும் ஐந்து விஷயம் எழுதுங்கள்: காலையில் மீட்டர் எவ்வளவு, இரவில் எவ்வளவு, அன்றைக்கு ஏற்றிய அதிகபட்ச லோடு, பகலில் வண்டி எங்கே எத்தனை நேரம் சும்மா நின்றது, கடைசி நடை எத்தனை மணிக்கு முடிந்தது. மூன்று வாரத்துக்குள் ஒரு முகூர்த்த நாளாவது வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வியாபாரத்தின் முழு ஓட்டமும் அப்போதுதான் நோட்டில் விழும்.

தம்பியும் எழுதினான். பெரும்பாலான நாள் 58, 60 கிலோமீட்டர். ஆனால் சனிக்கிழமைகளில் கல்யாண மண்டபங்களுக்குக் கேன் இறக்குவதால் 94 வரை போகிறது. நடுவில் ஒருநாள் சொந்தக்காரர் வீட்டுச் சாமானைத் தாம்பரத்திலிருந்து விழுப்புரத்துக்கு ஏற்றிப் போய்த் திரும்பியிருக்கிறான். அன்றைக்கு 260ஐத் தாண்டிவிட்டது. "சராசரி எழுபதுண்ணே" என்று சிரித்தான். சராசரி வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிடும். பார்க்க வேண்டியது சனிக்கிழமையைத்தான்.

விழுப்புரம் மாதிரி நடை மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு நாலைந்து என்றால் கவலையில்லை. அன்றைக்கு ஸ்டாண்டிலிருந்து ஒரு டீசல் வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். வாரத்துக்கு இரண்டு தடவை அப்படி வந்தால், அல்லது வீடு காலி செய்யும் சாமான் ஏற்றி எங்கே கூப்பிட்டாலும் போவதுதான் உங்கள் தொழில் என்றால், மேற்கொண்டு படிக்க வேண்டாம். நல்ல பெட்ரோல் அல்லது சி.என்.ஜி. வண்டியாகப் பாருங்கள்.

நோட்டீஸ் தூரமும் ரோட்டுத் தூரமும்

155 கிலோமீட்டர் என்பது சோதனை நிபந்தனைகளில் அளந்து சான்று பெற்ற தூரம். அதில் பொய் இல்லை. ஆனால் அந்தச் சோதனையில் பல்லாவரம் சிக்னல் கிடையாது, மேம்பாலத்தில் முழு லோடோடு ஏறுவது கிடையாது. என் கணக்கு கஞ்சத்தனமானது: சொன்ன தூரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 155 என்றால் நூறு. பேட்டரியைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சி ஓட்ட யாருக்கும் துணிச்சல் வராது. பதினைந்து, இருபது சதவீதம் மிச்சம் வைத்துத்தான் வீடு திரும்புவீர்கள். ஆக எண்பது, எண்பத்தைந்து. சில வருஷம் கழித்துப் பேட்டரியின் பிடிப்பு புதிதில் இருந்ததில் எண்பது சதவீதமாகத் தேய்ந்திருக்கும்போது அதே வண்டி அறுபத்தைந்து, எழுபதுதான் தரும்.

வாங்கும் நாளின் தூரத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். டியூ கட்டி முடிக்கும் நாளின் தூரத்தை வைத்து எடுங்கள்.

தம்பியின் 60 கிலோமீட்டர் நாட்கள் இதற்குள் அடங்கிவிடுகின்றன. சனிக்கிழமை அடங்கவில்லை. இங்கேதான் நோட்டின் நாலாவது விஷயம் கைகொடுத்தது. மதியம் கேன் நிரப்பும் பிளான்ட்டில் அவன் வண்டி ஒன்றரை மணி நேரம் சும்மா நிற்கிறது. அங்கே ஒரு 15 ஆம்பியர் பிளக் கிடைத்தால் அந்த நேரத்தில் இருபத்தைந்து கிலோமீட்டருக்கான சார்ஜ் ஏறும். பிளான்ட் முதலாளியிடம் பேசி யூனிட் கணக்குப் பார்த்துப் பணம் கொடுத்துவிடலாம்.

ராத்திரி வண்டி எங்கே தூங்குகிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் வண்டி எடுத்தவர்கள்தான் பின்னால் புலம்புகிறார்கள். தெருவோரம் நிறுத்துகிறீர்களா? மாடி வீட்டிலிருந்து ஒயர் இழுத்துத் தொங்கவிட்டு நடைபாதைமேல் சார்ஜ் போடும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் அது உயிருக்கு உலை. சொந்த இடமோ, கேட்டுக்குள் நிறுத்தும் வாடகை இடமோ வேண்டும். தனி 15 ஆம்பியர் பாயின்ட், ஒழுங்கான எர்த், அதற்கென்று தனி பிரேக்கர். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் எர்த் என்பது பெரும்பாலும் பேருக்குத்தான் இருக்கும்.

அடுத்தது ஈ.பி. கணக்கு. நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர் ஓடினால், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, பத்து யூனிட் போகும். மாதம் 25 நாள் ஓட்டம் என்றால் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட். உங்கள் வீட்டு ஃபேன், ஃபிரிட்ஜ், டி.வி.க்கு மேல் இது கூடுதல். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு 500 யூனிட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்று குடும்பத் தலைவிகளைக் கேளுங்கள். மேல்படி யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் போவதோடு, கீழ்ப்படிகளில் கிடைத்த மலிவு விலையும் கைநழுவும். அதனால் சார்ஜ் செலவைப் பேசும்போது "யூனிட் நாலு ரூபாய்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். கடை இணைப்பிலும் சரி, வீட்டு மேல்படியிலும் சரி, பத்து ரூபாய் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். தொழில் வண்டிக்கு எந்த இணைப்பில் சார்ஜ் போடலாம் என்று பகுதி ஈ.பி. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது பின்னால் அபராதத்தைத் தவிர்க்கும். இருக்கிற இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு போதுமா என்றும் அங்கேயே தெரிந்துவிடும்.

பணக் கணக்கு

பலர் பழைய டீசல் வண்டியின் செலவோடு புதுக் கரண்டு வண்டியை ஒப்பிட்டு மயங்குகிறார்கள். அது தப்பு. புதிதாக வாங்கக்கூடிய பெட்ரோல் வண்டியோடுதான் ஒப்பிட வேண்டும். ஏஸ் ப்ரோ இதற்கு வசதி, ஏனென்றால் ஒரே வண்டி இரண்டு விதமாகவும் வருகிறது. அறிமுகத்தின்போது ஷோரூம் விலை பெட்ரோலுக்கு 3.99 லட்சத்திலும் கரண்டுக்கு 6.50 லட்சத்திலும் தொடங்கியது. பிறகு 2025 செப்டம்பர் 22 முதல் பெட்ரோல், டீசல் சரக்கு வண்டிகளின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. கரண்டு வண்டிக்கு முன்பிருந்தே 5 சதவீதம்தான், அதில் மாற்றமில்லை. ஆக இடைவெளி கொஞ்சம் விரிந்து, என் கணக்கில் 2.8 லட்சம்.

பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், லோடோடு லிட்டருக்கு 17 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய். கரண்டு வண்டிக்கு, வீணாவதையும் சேர்த்து, கிலோமீட்டருக்கு 0.16 யூனிட், யூனிட் பத்து ரூபாய் என்றால் 1.60. மிச்சம் 4.40. தம்பி மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறான். மாதம் 6,600 ரூபாய் மிச்சம். 2.8 லட்சம் திரும்ப 42 மாதம், அதாவது மூன்றரை வருஷம். கூடுதலாக வாங்கும் கடனுக்கு வட்டி சேர்த்தால் நாலு வருஷத்தைத் தொடும். ஆயில் மாற்ற வேண்டாம், கிளட்ச் இல்லை என்பதால் பராமரிப்பில் கொஞ்சம் மீளும்.

இதே கணக்கை நாளுக்கு 30 கிலோமீட்டர் ஓட்டும் பாத்திரக்கடைக்காரருக்குப் போடுங்கள். மாதம் 3,300தான் மிச்சம். முதல் திரும்ப ஏழு வருஷம். அவருக்கு இந்த வண்டி வேண்டாம். தம்பியே வீட்டில் சார்ஜ் போட வழியில்லாமல் வெளி ஸ்டேஷனில் யூனிட் 20 ரூபாய் கொடுத்தால் மாத மிச்சம் 4,200 ஆகச் சுருங்கி, ஐந்தரை வருஷம் ஆகிவிடும். இரவுப் பார்க்கிங்குக்கு நான் ஏன் இவ்வளவு மல்லுக்கட்டினேன் என்பது இப்போது புரியும்.

என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஊர் பெட்ரோல் விலை, உங்கள் நோட்டின் கிலோமீட்டர், இன்றைய ஷோரூம் விலை ஆகியவற்றைப் போட்டுப் பாருங்கள். பைனான்ஸ்காரரிடம் வட்டியையும் தவணைக் காலத்தையும் இரண்டு வண்டிக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். பழைய கரண்டு வண்டிக்கு இன்னும் நல்ல மறுவிற்பனைச் சந்தை உருவாகவில்லை என்பதால் சிலர் வட்டியைக் கூட்டிச் சொல்வார்கள்.

சலுகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேட்டரியில் ஓடும் போக்குவரத்து வண்டிகளுக்குப் பெர்மிட் தேவையில்லை என்று மத்திய அரசு 2018 அக்டோபரில் அறிவித்தது. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பிரீமியத்தில் 15 சதவீதத் தள்ளுபடி உண்டு. தமிழ்நாட்டுச் சாலை வரி விலக்கு காலக்கெடுவோடு வரும் சலுகை. பதிவு செய்யும் நாளில் அது நடப்பில் இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் லாரிகளுக்கான மானியம் 3.5 டன்னுக்கு மேற்பட்டவற்றுக்குத்தான். "மானியம் வரும் சார்" என்று குட்டியானை விற்பவர் சொன்னால் எழுதிக் கேளுங்கள்.

பாரம், பேட்டரி, ஒர்க்‌ஷாப்

750 கிலோ என்பது 50 கிலோ சிமென்ட் மூட்டை பதினைந்து. இருபது லிட்டர் கேன் என்றால் 35. பழைய வண்டியில் பட்டை போட்டு டன் கணக்கில் ஏற்றிய பழக்கம் இங்கே உதவாது. ஏற்றினால் வண்டி இழுக்கும், அதில் சந்தேகமே இல்லை, மோட்டாரின் இழுவை முதல் அடியிலிருந்தே கிடைக்கும். ஆனால் தூரம் கண்ணெதிரே கரையும். பிரேக்குக்கும் டயருக்கும் கேடு, வாரன்டிக்கும் வில்லங்கம்.

பேட்டரி வாரன்டித் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். எத்தனை வருஷம், எத்தனை கிலோமீட்டர், இதில் எது முந்துமோ அதோடு முடியும். பிடிப்பு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்ற வரி அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த வரி இல்லாத வாரன்டி, ஓடாத வண்டிக்கு மட்டும்தான் உதவும். குறைவாக ஓடும் வண்டிக்கு உதவாது. வெள்ளத்தில் முங்கினால் என்ன நிலை என்றும் கேளுங்கள். பேட்டரிக்குச் சொல்லப்படும் ஐபி 67 என்பது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும் என்ற தரம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னைத் தெருக்களில் தண்ணீர் அரைமணி நேரத்தில் வடியவில்லை.

மூலைக்கடை மெக்கானிக் இந்த வண்டியைத் தொட மாட்டார். கம்பெனி ஒர்க்‌ஷாப் எவ்வளவு தூரம், அங்கே கரண்டு வண்டிக்குப் பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறாரா, வண்டி நின்றால் தூக்கிப் போக யார் வருவார்கள் என்று நேரில் போய்ப் பாருங்கள். ஷோரூமில் கேட்காதீர்கள். ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கும் கரண்டு வண்டி டிரைவரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்.

கடைசியாக ஓட்டிப் பார்ப்பது. காலி வண்டியை ஷோரூம் வாசலில் ஒரு சுற்று ஓட்டுவது கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற மாதிரி. அப்போது எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். உங்கள் லோடை ஏற்றி, உங்கள் வழக்கமான லைனில், அரை நாளாவது டெமோ கேளுங்கள். கிளம்பும்போது பேட்டரி எத்தனை சதவீதம், திரும்பும்போது எத்தனை, நடுவில் ஓடியது எவ்வளவு என்று அதே நோட்டில் எழுதுங்கள். பைபாஸில் போகிறவர்கள் அதிகபட்ச வேகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். டெமோ தர மறுக்கும் இடத்தில் வாங்காதீர்கள்.

தம்பி இன்னும் முன்பணம் கட்டவில்லை. டெமோவில் 35 கேனோடு 52 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டான். பேட்டரியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சமிருந்ததாம். பிளான்ட் முதலாளி பிளக் தரச் சம்மதித்துவிட்டார். கேட்டுக்குள் 15 ஆம்பியர் பாயின்ட் இழுக்க வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறான். அவர் வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறார்.