பப்பாசிச் சவர்க்காரம்

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பப்பாசிப் பழத்தையும் தேங்காய்ப்பாலையும் சேர்த்து வீட்டிலேயே சவர்க்காரம் செய்யலாமா?
– ஒரு வாசகி, இரத்தினபுரி

பதில்: தாராளமாகச் செய்யலாம், அம்மணி, ஆயினும் பழத்திலும் பாலிலும் உள்ள சர்க்கரையானது கோஸ்டிக் சோடாவின் உக்கிரமான உஷ்ணத்தில் கருகிக் கபில நிறமடைந்து துர்நாற்றம் வீசுமாதலால், 170 கிராம் தேங்காய்ப்பாலை முதலில் கட்டியாக உறையவைத்து, அதன்மேல் 75 கிராம் சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கரைத்து, 500 கிராம் தேங்காயெண்ணெயில் ஊற்றி, கூழ்போல் இறுகும்வரை கலக்கிய பின்னரே, மசித்த பழம் இரண்டு கரண்டி சேர்த்தல் உத்தமம். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. சோடா அதை அரித்துவிடும். கையுறையும் அவசியம், குழந்தைகளும் அருகில் வரலாகாது. கலவை அச்சில் இறுகியபின், வெட்டிய கட்டிகளைச் சப்ரகமுவ மழையின் ஈரம் அண்டாத இடத்தில் ஆறு வாரம் காயவையுங்கள். முகம் வெளுக்கும் என்ற ஆசை மட்டும் வேண்டாம். பழத்தின் வாசனைகூட மிஞ்சாது.