மணமில்லாத நஞ்சு: வீட்டிலும் கிணற்றிலும்

கிராமக் கூட்டம் முடிந்து எழும்பும்போது ஒரு தாய் தன் மகள் வீட்டுப் புதினம் சொன்னார். மகள் குடும்பம் ரொறன்ரோவில் இருக்கிறது. ஒருநாள் நடுச்சாமத்தில் சுவரிலிருந்த சின்னப் பெட்டியொன்று கத்தத் தொடங்கியதாம். "புகையுமில்லை, நெருப்புமில்லை. ஆனா பிள்ளையளையும் தூக்கிக்கொண்டு எல்லாரும் பனிக்குள்ள ஓடிப்போய் நிண்டவையாம்" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர்கள் செய்தது முற்றிலும் சரி. அந்தப் பெட்டி காபனோரொட்சைட்டு என்ற நஞ்சு வாயுவைக் கண்டுபிடிக்கும் கருவி. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில், எரிபொருளால் சூடாக்கப்படும் வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே இது இருக்கவேண்டும் என்பது 2014 முதல் சட்டம். வட அமெரிக்கக் கருவிகள் பத்து இலட்சம் பங்கு காற்றில் 70 பங்கு வாயு இருந்தால் ஒன்று முதல் நான்கு மணித்தியாலத்துக்குள் கத்தும். 400 பங்கு இருந்தால் கால் மணித்தியாலத்துக்குள் கத்திவிடும். ஆகவே ஒருவருக்கும் தலையிடி இல்லை என்பதற்காக அதைப் பொய்ச் சத்தம் என்று எண்ணக்கூடாது. எல்லோரும் வெளியேறி, ஆட்களை எண்ணிப் பார்த்து, தீயணைப்புப் படையை அழைத்து, அவர்கள் சொல்லும்வரை வெளியே நிற்கவேண்டும். இடைக்கிடை ஒரேயொரு 'கீச்' சத்தம் மட்டும் வந்தால் பற்றரி முடிகிறது, அல்லது கருவி பழசாகிவிட்டது.

எங்கள் வீடுகளில் அந்தப் பெட்டி இல்லை. வாயு இருக்கிறது.

விறகு, கரி, மண்ணெண்ணெய், பெற்றோல் எதுவானாலும் போதிய காற்றில்லாமல் எரிந்தால் இது உண்டாகும். நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசனைக் காவிச் செல்லும் ஈமோகுளோபினை, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேலான பலத்துடன் இது பற்றிக்கொள்ளும். முதலில் தலையிடி, தலைச்சுற்று, சத்தி. பிறகு கால் சோரும். ஆபத்து என்று மூளை விளங்கிக்கொள்ளும் நேரத்தில் எழும்பி நடக்கப் பலம் இராது. ஒரு வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலையிடித்து, வெளியே போனதும் சுகமானால், காய்ச்சல் என்று நினையாமல் இதைச் சந்தேகியுங்கள். மழைக்காலத்தில் கதவை அடைத்துத் தணற்சட்டி வைப்பதும், கரன்ற் இல்லாத இரவில் ஜெனரேற்றரை விறாந்தையில் ஓடவிடுவதும் இதற்கு வழி. கர்ப்பிணிகள் மிகவும் கவனம்; வயிற்றுப் பிள்ளையைத் தாயிலும் கூடுதலாகத் தாக்கும்.

ஆனால் நான் அதிகம் பயப்படுவது கிணற்றுக்கு. இடம்பெயர்ந்தவர்கள் காணிக்குத் திரும்பியதும் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, பாழடைந்த கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குவது. மேலே வைத்த மெசின் ஏறக்குறைய 25 அடிக்குக் கீழிருந்து தண்ணீரை உறிஞ்சாது. அது மெசினின் குறையல்ல; வெளிக் காற்றின் அழுத்தம் அவ்வளவுதான் தள்ளிக் கொடுக்கும். அதனால் மெசினைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குகிறோம். காற்றோட்டமில்லாத குழிக்குள் அது கக்கும் புகை அங்கேயே நிற்கும். மெசினை நிற்பாட்டிய பின்னும் நிற்கும். நின்றுபோன மெசினைப் பார்க்கவென்று இறங்குபவர் திரும்பி ஏறுவதில்லை.

இறங்க முன்னர் விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் ஒட்சிசன் குறைவு என்று அறியலாம். விளக்கு எரிந்தால் காபனோரொட்சைட்டு இல்லை என்று அறிய முடியாது. நூறு பங்கு காற்றில் ஒரு பங்கு இது கலந்தாலே சில நிமிடத்தில் ஆளைக் கொல்லும், விளக்கோ எரிந்துகொண்டிருக்கும். பிரித்தானியச் சுரங்கங்களில் விளக்கு இருந்தும் 1980கள் வரை கனேரிக் குருவிகளையும் கொண்டுபோனது இதனாற்றான். அத்துடன், மெசின் ஓடிய கிணற்றில் பெற்றோல் ஆவி இருக்கலாம். விளக்கு அங்கே நெருப்புக்கு வழி.

ஆகவே எஞ்சினை எக்காரணம் கொண்டும் கிணற்றுக்குள் இறக்கவேண்டாம். ஆழக் கிணறானால், நீருக்குள் இறக்கும் மின்சாரப் பம்பை வாடகைக்கு எடுங்கள். ஜெனரேற்றர் கிணற்றுக்குத் தூரத்தில், புகை கிணற்றுப் பக்கம் வராத திசையில் நிற்கட்டும். ஏற்கனவே இறக்கிவிட்டீர்களானால் கயிற்றால் மேலே இழுங்கள், ஆள் இறங்கவேண்டாம். எத்தனை மணித்தியாலம் பொறுத்தால் போதும் என்பதை வாயு அளக்கும் கருவியின்றி மேலே நின்று சொல்ல இயலாது.

உள்ளே ஒருவர் விழுந்தால் தம்பி இறங்குவார், பிறகு தகப்பன் இறங்குவார். இப்படியான அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 வீதத்துக்கு மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் எழுதியது. பெற்ற மனம் நில் என்றால் நிற்காது என்பது தெரியும். அதனால்தான், எஞ்சின் ஓடாத கிணற்றில் இறங்குபவருக்கும் முன்கூட்டியே நெஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டி, மேலே இழுக்க மூன்று பேராவது நிற்கவேண்டும். கயிறு இருந்தால் ஒருவரும் பின்னால் இறங்கத் தேவையில்லை.

வெளியே எடுத்தவரைத் திறந்த வெளியில் கிடத்துங்கள். மூச்சில்லாவிட்டால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். அத்துடன் நெஞ்சையும் அமத்துங்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். எழும்பி இருந்து கதைத்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வெறுங் காற்றில் இந்த நஞ்சு பாதியாகக் குறைய நாலைந்து மணித்தியாலம் செல்லும். முகமூடியால் தனி ஒட்சிசன் கொடுத்தால் ஒன்றரை மணித்தியாலம் வரையில் குறையும். வைத்தியரிடம் "எஞ்சின் புகைக்குள் இருந்தவர்" என்று முதலிலேயே சொல்லுங்கள். விரலில் மாட்டிப் பார்க்கும் சாதாரண கருவி இந்த நஞ்சையும் ஒட்சிசனையும் பிரித்தறியாது. 98 என்று காட்டும்.