முதுகில் நீர் எடுப்பது எதற்கு?

கேள்வி: கம்பெனியில் வேலை பார்க்கும் என் தம்பிக்குக் காய்ச்சலோடு வலிப்பு, ஆளையே அடையாளம் தெரியவில்லை. முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். ரத்தப் பரிசோதனை போதாதா?
– ஒரு வாசகி, ஒரகடம்

பதில்: போதாது, சகோதரி. மூளையைச் சூழ்ந்த நீரேதான் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கிறது. தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழே, இடுப்பில்தான் ஊசி இறங்கும், பயம் வேண்டாம். மூன்று நான்கு சிறு குழாய்களில் சொட்டுச் சொட்டாகப் பிடிப்பார்கள். இப்படிப்பட்ட மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸை, அந்த நீரில் செய்யும் பிசிஆர் சோதனை காட்டிவிடும். ஆனால் முதல் மூன்று நாளில் எடுத்த நீரில் அது தப்பிவிடவும் கூடும். சந்தேகம் வலுவாக இருந்தால் மறுபடி எடுப்பார்கள். முடிவுக்குக் காத்திராமல் அசைக்ளோவிர் மருந்தைத் தொடங்குவதுதான் சரி. தாமதித்தால் மூளை பாழாகிவிடும்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வேறு மாதிரி. இந்தியாவில் அது முதலில் அறியப்பட்டது நம் வேலூரில், 1955-ல். அந்த வைரஸ் ரத்தத்திலிருந்து சீக்கிரமே மறைந்துவிடும். அதனால் ஐஜிஎம் எதிர்ப்புப்பொருளை எலைசா முறையில் தேடுகிறார்கள். ரத்தத்தில் மட்டும் அது இருந்தால் தடுப்பூசியாலோ, டெங்குவாலோகூட இருக்கலாம். தண்டுவட நீரில் இருந்தால் சந்தேகத்துக்கு அதிக இடமில்லை.

தம்பி சமீபத்தில் எந்த ஊருக்குப் போய்வந்தார், நாய் ஏதும் கடித்ததா என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். இன்னொரு முறை நீர் எடுக்கக் கேட்டால், தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள்.