ஏழாம் நாளின் கணக்கு: ஓய்வைப் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

அலுவலகப் பேச்சில் ‘பர்ன்அவுட்’ என வழங்கும் பணிச்சோர்வை, நியூயார்க்கின் இலவச மருத்துவமனை ஒன்றில் தொண்டாற்றியவர்களிடம் கண்ட உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974இல் கட்டுரையாக எழுதினார். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாடு அதனை நோயாகக் கொள்ளாமல், சரிவரக் கையாளப்படாத நீண்டகாலப் பணியிட அழுத்தத்தின் விளைவாகக் கொண்டு, ஆற்றல் வற்றுதல், வேலையின்மீது மனம் கசந்து விலகுதல், செயல்திறன் குன்றுதல் என்னும் மூன்று கூறுகளை வகுத்துள்ளது. ஆகவே ஒருநாள் அலுப்பு வேறு, பணிச்சோர்வு வேறு.

நம்பிக்கை: உழைக்கும் நேரம் கூடினால் விளைச்சலும் அதே அளவில் கூடும்.

உண்மை: முதல் உலகப் போரில் குண்டுகளின் தேவை பெருகியபோது, பிரிட்டனின் படைக்கலத் தொழிற்சாலைகளில் வேலைநேரம் நீண்டு ஞாயிறு விடுமுறையும் பறிபோகவே, தொழிலாளர் உடல்நலத்தை ஆராய 1915இல் அரசு ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவுக்காகத் திரட்டப்பட்ட, எத்தனை மணி நேரத்தில் எத்தனை உருப்படிகள் முடிந்தன என்னும் பதிவுகளை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் மறு ஆய்வு செய்த ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் ஜான் பென்காவெல், வாரத்துக்குச் சுமார் 49 மணி நேரம் வரை உற்பத்தி நேரத்துக்கு ஈடாக ஏறி, அதற்குமேல் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கிடைக்கும் பயன் சுருங்குவதைக் கண்டார். எழுபது மணி நேர உழைப்பின் விளைவு 56 மணி நேர உழைப்பின் விளைவைவிடப் பெரிதாக வேறுபடவில்லை. அதாவது இடைப்பட்ட 14 மணி நேரத்தில் தொழிலாளி ஆலையில் இருந்தார், ஆலைக்கு மிச்சமானது அநேகமாக ஒன்றுமில்லை. ஓய்வுநாளின்றி ஏழு நாளும் வேலைசெய்த வாரங்களில் உற்பத்தி மேலும் பாதிக்கப்பட்டது. அக்குழு வெளியிட்ட முதல் குறிப்பே ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு எதிரானது. போரை வென்றாக வேண்டிய ஓர் அரசின் உற்பத்திக் கணக்கே ஓய்வுக்குச் சாட்சியாக நின்றதால், இதனை வெறும் கருணை வாதம் என்று தள்ளிவிட முடியாது.

நம்பிக்கை: குறைந்த உறக்கம் நாளடைவில் பழகிவிடும்.

உண்மை: பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் நாள்தோறும் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ உறங்கியவர்களின் கவனத்திறன், இரண்டு இரவுகள் வரை கண்மூடாதவர்களின் நிலைக்குச் சரிந்தது, எனினும் தமக்குத் தூக்கக் கலக்கம் மிகுந்திருப்பதாக அவர்கள் உணரவில்லை. பழகியது குறைபாட்டை உணராமை மட்டுமே.

நம்பிக்கை: ஆண்டுக்கொரு நீண்ட விடுப்பு சோர்வைத் தீர்த்துவிடும்.

உண்மை: இஸ்ரேலிய அலுவலக எழுத்தர்களிடம் மினா வெஸ்ட்மன், டோவ் ஈடன் ஆகியோர் நடத்தி 1997இல் வெளியிட்ட ஆய்வில், விடுப்பில் தணிந்த பணிச்சோர்வு, வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாளிலேயே ஓரளவு மீண்டு, மூன்று வாரத்தில் முழுவதும் பழைய அளவை எட்டியது. எனவே விடுப்பு வீண் என்பதன்று, அன்றாட ஓய்வுக்கு அது ஈடாகாது என்பதே பொருள். ஜெர்மானிய உளவியலாளர் சபீனே சொன்னென்டாக் வலியுறுத்தும் ‘உளவிலகல்’, அதாவது பணி முடிந்தபின் மனமும் பணியை விட்டு அகலுதல், இந்த அன்றாட ஓய்வின் மையமாகும். இரவு பத்து மணிக்கும் அலுவலக வாட்ஸ்அப் குழுவைப் பார்த்துக்கொண்டிருப்பவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறாரேயன்றி வேலையை விட்டு எழவில்லை.

நம்பிக்கை: மீள்திறன் என்பது தாங்கிக்கொள்ளும் மனவுறுதி, ஓய்வு அவரவர் சொந்த விவகாரம்.

உண்மை: அழுத்தத்தின்போது உடல் எழுப்பும் எதிர்வினை, அழுத்தம் நீங்கியதும் அடங்குவதே மீள்திறனின் உடற்கூற்று அடிப்படை, அடங்க இடமின்றி அது நீடிக்கும்போது சேரும் தேய்மானத்துக்கு புரூஸ் மெக்யூவனும் எலியட் ஸ்டெல்லரும் 1993இல் தனிப் பெயரே இட்டனர். அடங்குவதற்கான அந்த இடைவெளியைத் தனிமனித உறுதியால் மட்டும் உண்டாக்க இயலாது என்பதனால்தான், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் இடையே குறைந்தது அரைமணி இடைவேளை விடவேண்டும் என 1948ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்தது. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள்முழுதும் நின்றே வேலைசெய்வோருக்கு இருக்கை அளிக்கவேண்டும் எனத் தமிழ்நாடு தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது 2021இல்தான். அதுவரை, வாடிக்கையாளர் இல்லாத பொழுதிலும் அவர்கள் உட்கார்வதற்குச் சட்டத்தின் துணை இருக்கவில்லை.