மார்பகக் குறைப்புக்குப் பின் தாய்ப்பால்: எந்த வழி யாருக்கு?

மார்பகக் கனத்தோடு நாள் முழுக்கத் தையல் மெஷின் முன் உட்கார்ந்தால் கழுத்தும் தோளும் படும் பாடு குன்னத்தூர்ப் பக்கத்துப் பனியன் கம்பெனிப் பெண்களுக்குப் புதிதல்ல. அந்தக் கனத்தைக் குறைக்கும் அறுவை சிகிச்சை இன்று பணக்காரர்களுக்கு மட்டுமானதும் அல்ல. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை மார்பகச் சீரமைப்பை இலவசமாகச் செய்வதாக 2018-இல் அறிவிப்பே வந்தது. ஆனால் இந்தச் சிகிச்சை செய்துகொண்ட பெண் பிறகு கருவுற்றால், "இனிப் பால் வராது, டப்பாப் பால்தான்" என்று சுற்றியிருப்பவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். குழந்தை பிறக்கும் முன்பே அப்படி முடிவெடுப்பது தவறு.

முதலில் தேட வேண்டியது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை. காம்பு தன் அடித்திசுவோடு ஒட்டியபடியே நகர்த்தப்பட்டதா, முழுதாக வெட்டியெடுத்து மறுபடி ஒட்டப்பட்டதா? 2017-இல் 'ப்ளோஸ் ஒன்' இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பில், அடித்திசு முழுதாகக் காக்கப்பட்டவர்களிடம் பாலூட்டல் வெற்றியின் நடுமதிப்பு 100 சதவீதம். பாதி காக்கப்பட்டால் 75. காக்கப்படவே இல்லையெனில் 4. இவை போதுமான பாலுக்கு உத்தரவாதம் அல்ல. ஆனாலும் முதல் இரண்டும் முயன்று பார்க்க வலுவான காரணங்கள்.

நேரடியாக மட்டும் பால் கொடுப்பவர் அடிக்கடி குழந்தையின் எடையைப் பார்க்க வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினமும் ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்புகிறதா? இல்லையென்றால் காத்திருக்கக் கூடாது. குழந்தை பசியில் சோர்ந்து தூங்குவதை வயிறு நிறைந்த தூக்கம் என்று நினைத்துவிடும் ஆபத்து இங்கேதான் அதிகம்.

பால் பற்றாதபோது மார்பில் கொடுப்பதை நிறுத்துவதைவிட, மார்போடு சேர்த்துக் கூடுதல் பால் கொடுப்பதே மேல். இதற்கு இரண்டு வழிகள். காம்பருகே மெல்லிய குழாயை ஒட்டி, குழந்தை சப்பும்போதே கூடுதல் பாலும் போகச் செய்யலாம்; சப்பச் சப்பச் சுரப்பும் தூண்டப்படும். ஆனால் ஆரம்பத்தில் பழகிய செவிலியரின் உதவி வேண்டும், குழாயைக் கழுவுவதும் பெரும் வேலை. இன்னொரு வழி பால் புகட்டும் பாலாடை; அது எளிது, கொங்கு வீடுகளில் பாட்டிமார் கையில் பழகியது. புட்டியைவிடச் சுத்தம் செய்யவும் சுலபம். ஆனால் சுரப்பை அது தூண்டாது. அதனால் முதலில் இரு மார்பிலும் கொடுத்து, பிறகே பாலாடை.

கூடுதல் பால் எங்கிருந்து? கோவை அரசு மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. தானப் பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கித்தான் கொடுப்பார்கள்; எடை குறைந்த, குறைமாதக் குழந்தைகளுக்கே முன்னுரிமை. தாய்ப்பாலை விலைக்கு விற்பது கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் எச்சரித்தது; யாராவது விலை சொன்னால் விலகிவிடலாம். நிறைமாதக் குழந்தைக்குப் பெரும்பாலும் பால் பவுடர்தான் கைக்கு எட்டும். டாக்டர் சொன்ன அளவில், கொதித்த நீரில் கலந்தால் அதில் குற்றவுணர்வுக்கு இடமே இல்லை. டப்பா சீக்கிரம் தீர்கிறதே என்று நீர்க்கக் கலப்பதுதான் குழந்தையை வாட்டும்.

இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளிக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு; இந்தச் சோதனைக் காலத்துக்கு அது தாராளம். முதல் பிரசவத்தில் பால் குறைந்தவர் அடுத்ததில் அதையே எதிர்பார்க்க வேண்டியதில்லை. கர்ப்பமும் பாலூட்டலும் சுரப்பித் திசுவை வளர்ப்பதால், இரண்டாம் குழந்தைக்குக் கூடுதலாகச் சுரந்த தாய்மார் உண்டு.