கண்வலிக்கிழங்கு: விற்பனைக்கு மட்டும், வீட்டு வைத்தியத்துக்கு அல்ல

மழைக்காலத்தில் மதுரையைச் சுற்றியுள்ள கரடுகளிலும் வேலி ஓரங்களிலும் தானாகவே படர்ந்து பூக்கும் கொடி கண்வலிக்கிழங்கு. செங்காந்தள், கார்த்திகைப்பூ என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. கிழங்கு கலப்பை போல் வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும் சொல்வர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் பூக்களில் முதலாவதாக நிற்பது காந்தள். இன்று இதுவே தமிழ்நாட்டின் மாநில மலர்.

1985-இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை மதுரை மாவட்டத்தில் இருந்த ஒட்டன்சத்திரம் பகுதியிலும், தாராபுரம், மூலனூர், அரவக்குறிச்சி, வேதாரண்யம் பகுதிகளிலும் விவசாயிகள் இதைப் பயிராகவே செய்கின்றனர். பணம் தரும் பயிர்தான். ஆனால் இதன் வேர் முதல் விதை வரை அனைத்தும் நஞ்சு. பயிர் செய்பவர் சாகுபடி முறையோடு இதையும் தெரிந்துகொள்வது அவசியம்.

மருந்தும் நஞ்சும் ஒன்றே

இக்கொடியில் உள்ள முக்கியப் பொருள் கோல்சிசின். 1820-இல் பிரான்ஸ் நாட்டில் கோல்சிகம் என்ற வேறொரு செடியிலிருந்து இதை முதலில் பிரித்தெடுத்தனர். கண்வலிக்கிழங்கின் விதையில் கிழங்கைவிட இது அதிகம். ஆகவேதான் மருந்து ஆலைகள் விதையை வாங்குகின்றன.

யூரிக் அமிலம் மூட்டில் படிந்து, கால் பெருவிரல் வீங்கிக் கடுமையாக வலிக்கும் ‘கவுட்’ நோய்க்குக் கோல்சிசின் நல்ல மருந்து. தசைப்பிடிப்புக்கான மருந்து ஒன்றும் இவ்விதையிலிருந்தே தயாராகிறது. பயிர் விருத்தியிலும் இதற்கு இடம் உண்டு. விதையில்லாத் தர்ப்பூசணியை உருவாக்க உதவியது கோல்சிசினே.

உடலில் உயிரணுக்கள் இரண்டாகப் பிரிவதைக் கோல்சிசின் தடுக்கிறது. அளவு மீறினால், உயிரணுக்கள் வேகமாகப் பெருகும் குடலின் உட்தோல், இரத்தம் உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜை, முடியின் வேர் ஆகியவை முதலில் கெடும்.

மருத்துவர் தரும் ஒரு மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம் மட்டுமே. விதையிலோ நூற்றுக்கு அரை முதல் ஒரு பங்கு வரை கோல்சிசின் இருக்கலாம். அப்படியானால் ஒரு கிராம் விதையில் பத்து முதல் இருபது மாத்திரை அளவு நஞ்சு அடங்கியிருக்கும். நிலத்துக்கு நிலம் இது மாறும். கையளவாலோ கண்ணளவாலோ இதை மருந்தாக்க யாராலும் இயலாது. சாதாரண மூட்டுத் தேய்மான வலிக்கு இது மருந்தும் அல்ல.

சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் கிழங்கைச் சுத்தி செய்த பிறகே சேர்க்கின்றனர். அது பயிற்சி பெற்றவர் செய்யும் வேலை. மோரில் ஊறப்போட்டுவிட்டால் நஞ்சு போய்விட்டது என்று எண்ணி வீட்டில் செய்து பார்ப்பது உயிருக்கு ஆபத்து. பிரசவத்தை விரைவுபடுத்தவும் கருக்கலைக்கவும் இதைப் பயன்படுத்தும் பழக்கத்தை அறவே விட வேண்டும்.

சாகுபடி முறை

நல்ல வடிகால் உள்ள செம்மண் நிலம் ஏற்றது. நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். ஆனி, ஆடியில் நடலாம். 50 முதல் 60 கிராம் எடையுள்ள கிழங்குகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கும். எடுக்கும்போதும் நடும்போதும் நுனி ஒடிந்தால் அக்கிழங்கு வீண். கொடி படரக் கிளுவைக் குச்சியும் கம்பியும் கொண்டு தாங்கல் அமைக்க வேண்டும்.

பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் வளைந்து மகரந்தப் பைகளிலிருந்து விலகி நிற்பதால், தானாகக் காய் பிடிப்பது குறைவு. காலை 8 மணி முதல் 11 மணிக்குள் மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் கையால் தொட்டுவிட வேண்டும். நட்ட 160 முதல் 180 நாட்களில் காய் பறிப்புக்கு வரும். நல்ல பராமரிப்பில் ஏக்கருக்குச் சுமார் 80 முதல் 100 கிலோ விதை கிடைக்கும். ஒருமுறை நட்ட கிழங்கு ஐந்தாண்டு வரை பலன் தரும்.

விதைக் கிழங்குக்கும் தாங்கலுக்கும் முதலிலேயே பெரும் பணம் வேண்டும். விதை விலையோ ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். எனவே சிறு விவசாயிகள் முதலில் குறைந்த பரப்பில் நட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட வியாபாரிகளிடம் விலை விசாரித்துக்கொள்வது நல்லது.

வீட்டிலும் களத்திலும்

கிழங்கு பார்வைக்கு உண்ணும் கிழங்கு போலவே இருக்கும். ‘நியங்களா’ என்று இதை அழைக்கும் இலங்கையில், வள்ளிக்கிழங்கு என்று தவறாக எண்ணி அவித்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. அவித்தாலும் உலர்த்தினாலும் இந்நஞ்சு அழியாது.

நடவுக் கிழங்கைச் சமையல் பொருட்களோடு வைக்கக் கூடாது. சிவந்த விதைகள் குழந்தைகளின் கண்ணைக் கவரும். அவற்றைப் பூட்டிய அறையில் வைக்க வேண்டும். விதை பிரிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். மகரந்தம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடக் கூடாது. காய்த்தோலையும் கழிவுக் கிழங்கையும் ஆடு, மாடு மேயும் இடத்தில் கொட்டக் கூடாது.

உட்கொண்டுவிட்டால்

தின்றவுடன் எதுவும் தெரியாது. பல மணி நேரம் கழித்தே தொண்டை எரிச்சல், வாந்தி, வயிற்றுவலி, காலரா போன்ற பேதி ஆகியவை தொடங்கும். வயிறு சற்றுத் தேறியது போல் தோன்றும் அடுத்த சில நாட்களில்தான் சிறுநீரகம், இதயம், மூச்சு ஆகியவை பாதிக்கப்பட்டு, இரத்த அணுக்களும் குறையும். பிழைத்தவர்களுக்கும் இரண்டு வாரங்களில் தலைமுடி கொட்டும்.

எளிதில் கிடைக்கும் மாற்று மருந்து இதற்கு இல்லை. ஆகவே அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. புளிக்கரைசல், உப்புக்கரைசல் கொடுத்து நேரம் கடத்தவும் கூடாது. உடனே 108 ஆம்புலன்ஸை அழைத்து, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தின்ற கிழங்கின் அல்லது விதையின் மிச்சத்தை எடுத்துச் சென்று, “கண்வலிக்கிழங்கு, கோல்சிசின் நஞ்சு” என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தின்ற நேரத்தையும் சொல்ல வேண்டும்.

விளைந்த விதை வியாபாரியிடம் போகட்டும். நடவுக் கிழங்கு பூட்டிய அறையில் இருக்கட்டும். ஒரு துண்டுகூட அடுப்படிக்கோ மருந்துப் பெட்டிக்கோ வர வேண்டாம்.